கார் ஏசியும் 'டாப்-அப்' வியாபாரமும்

மார்ச் கடைசியில் வெயில் ஏற ஆரம்பித்ததும் நம் ஊர்க் கார் பட்டறைகளில் கேட்கிற முதல் வசனம், "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்." கால் மணி நேர வேலை. ஒரு டின்னை மாட்டி, குழாயைத் திருகினால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஏறி உட்கார்ந்தால் ஜில்லென்று காற்று. ஆயிரத்து ஐந்நூறோ இரண்டாயிரமோ கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பிவிடுகிறோம். அடுத்த மார்ச்சில் மறுபடி அதே பட்டறை, அதே வசனம்.

இந்தப் பழக்கம் தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. நம் பர்ஸுக்கும் தப்பு, பட்டறையில் வேலை பார்க்கிற பையனுக்கும் தப்பு, ஊருக்குப் பொதுவான காற்றுக்கும் தப்பு. லீக்கைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் அடிக்கக் கூடாது. வண்டியில் மிச்சமிருக்கிற கேஸைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. இந்த இரண்டையும் நடைமுறைக்குக் கொண்டுவரப் பெரிய விஞ்ஞானம் எதுவும் வேண்டாம், பில் போடுகிற முறையை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது என்பது என் கட்சி.

"பி.காம் படிக்கிறவனுக்கு கம்ப்ரஸரைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐடிஐயில் குளிர்சாதன மெக்கானிக் படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். கணக்கு மட்டும் நான் போட்டது :)

கேஸ் எங்கே போகிறது?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். கார் ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சமாச்சாரம் இல்லை. அது ஒரு மூடிய வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. காரின் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அந்தச் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. டிரையர் என்ற சின்ன டப்பாவில் ஈரம் வடிகட்டப்படுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துவாரம் வழியாக வெளியே வரும்போது அழுத்தம் சட்டென்று குறைகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் கொதித்து ஆவியாகி, காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. மறுபடி கம்ப்ரஸருக்குப் போகிறது. அவ்வளவுதான். போன கேஸேதான் திரும்பி வருகிறது.

அப்படியானால் கேஸ் குறைந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது.

ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் ஹோஸ், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல், ஓ-ரிங் இவை வழியாக வருடத்துக்குச் சில கிராம் கேஸ் கசிவது எல்லாக் கார்களிலும் இயல்பு. ஐரோப்பிய யூனியன் 2006ல் போட்ட கார் ஏசி உத்தரவில், ஒரு கூலிங் காயில் உள்ள காருக்கு வருடத்துக்கு 40 கிராம், இரண்டு உள்ள காருக்கு 60 கிராம் என்று கசிவுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே ஐந்தாறு வருடம் ஓடிய காருக்கு ஒரு முறை கேஸ் சரிபார்க்க வேண்டி வந்தால் ஆச்சரியமில்லை. வருடா வருடம் அடிக்க வேண்டியிருந்தால் அது இயல்பு இல்லை, நோய்.

இன்னொன்று. கூலிங் குறைந்தாலே கேஸ்தான் காரணம் என்பதும் இல்லை. கேபின் ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கலாம். கண்டென்சரில் சேறும் பூச்சியும் அப்பியிருக்கலாம். கண்டென்சர் ஃபேன் ஓடாமல் இருக்கலாம். கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்காமல் இருக்கலாம். இதையெல்லாம் பார்க்க ஒரு சொட்டு கேஸ் தேவையில்லை.

டாப்-அப்பில் என்ன கோளாறு?

ஒரு காருக்கு எவ்வளவு கேஸ் வேண்டும் என்று பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் போட்டிருப்பார்கள். சின்னக் கார்களுக்குச் சுமார் 400, 500 கிராம். டாப்-அப் பண்ணும்போது உள்ளே ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது? யாருக்கும் தெரியாது. "கேஜ் காட்டுமே?" என்பீர்கள். கேஜ் காட்டுவது அழுத்தத்தை. உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை, வண்டி நிற்கும்போது அந்த அழுத்தம் அன்றைய வெப்பநிலையைப் பொறுத்தது, அளவைப் பொறுத்தது அல்ல. வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தைப் பார்த்து எத்தனை கிலோ மிச்சம் என்று சொல்ல முடியுமா? தூக்கிப் பார்த்துத்தானே சொல்கிறோம்? இங்கேயும் அதே கதைதான். உள்ளே இருப்பதை முழுக்க வெளியே எடுத்து, சுத்தப்படுத்தி, எடை போட்டு உள்ளே விட்டால்தான் அளவு சரியாக இருக்கும்.

குறைவாக அடித்தால் கூலிங் வராது. அதிகமாக அடித்தாலும் கூலிங் வராது! அழுத்தம் எகிறி, கம்ப்ரஸர் மூச்சு வாங்கும். "இன்னும் கொஞ்சம் அடிங்க, நல்லா ஜில்லுன்னு வரட்டும்" என்று பட்டறையில் நின்று சொல்கிறோமே, அது கம்ப்ரஸருக்கு நாமே வைக்கிற வேட்டு.

அடுத்தது எண்ணெய். கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. லீக் இருந்தால் கேஸோடு எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கேஸை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் கம்ப்ரஸர் காய்ந்துபோய்ப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் இரும்புத்தூள் சிஸ்டம் முழுக்கப் பரவியிருக்கும். இரண்டாயிரம் ரூபாய் வேலை அப்புறம் ஐந்து இலக்க பில்லாக மாறும்.

மூன்றாவது ஈரம். கேஸ் முழுதாகத் தீர்ந்துபோன சிஸ்டத்துக்குள் வெளிக்காற்று நுழைந்துவிடும், காற்றோடு ஈரமும் வரும். இந்த எண்ணெய்க்கு ஈரத்தை உறிஞ்சுகிற குணம் உண்டு. ஈரமும் எண்ணெயும் கேஸும் சேர்ந்தால் அமிலம் உண்டாகி உள்ளேயே அரிக்கும். அதனால்தான் கேஸ் அடிப்பதற்கு முன்னால் வேக்கம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது இழுக்க வேண்டும். வெற்றிடத்தில் தண்ணீர் சாதாரண ரூம் வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். பம்பை நிறுத்திய பிறகு முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தால் லீக் பரிசோதனைக்கும் அது முதல் படி. இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிப்பதுதான் 'கால் மணி நேர சர்வீஸ்'.

சித்தப்பாவின் கணக்கு

எங்கள் சித்தப்பா திருச்சியில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார். சொந்தக் கார், பாங்க் லோன். அவருக்கு ஏசி என்பது சொகுசு இல்லை, தொழில் கருவி. ஏசி இல்லாத டாக்ஸியில் மே மாதத்தில் யார் ஏறுவார்கள்? இரண்டு கோடைக்குள் நான்கு முறை ஒரு பட்டறையில் டாப்-அப் பண்ணினார். ஒரு முறைக்கு 1,500 ரூபாய், மொத்தம் 6,000. நடுவில் ஒரு வேளாங்கண்ணி சவாரியில் தஞ்சாவூர் தாண்டும்போதே ஏசி படுத்துவிட்டது. கைக்குழந்தையோடு வந்த குடும்பம். பாவம், அவர்களுக்கும் கஷ்டம். பேசிய வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டு கொடுத்தார்கள்.

ஐந்தாவது முறை வேறு பட்டறை. அந்த மெக்கானிக் டின்னையே எடுக்கவில்லை. டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் ஹோஸில், ரப்பரும் அலுமினியக் குழாயும் சேருகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் தூசி ஒட்டிக் கறுப்பாக இருந்தது. நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவினார். முட்டை முட்டையாக நுரை வந்தது. ஹோஸ் 1,800, வேக்கம் போட்டு எடை பார்த்து கேஸ் அடிக்க 1,900. ஆக 3,700 ரூபாய்.

அதாவது முதல் தடவையே லீக்கைப் பார்த்திருந்தால் 3,700ல் முடிந்திருக்கும். செலவானது 6,000 + 1,000 + 3,700 = 10,700. ஏழாயிரம் ரூபாய் காற்றோடு போனது. அவருக்கு அது கார் லோன் தவணையில் பெரும் பகுதி. டாப்-அப் மலிவு, ரிப்பேர் செலவு என்று நினைக்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தத்தின் விலை

இப்போது காற்றின் கதை. 1930 வாக்கில் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க வேதியியலாளரும் அவருடைய சகாக்களும் குளிர்சாதனத்துக்காக ஆர்-12 என்ற கேஸைக் கொண்டுவந்தார்கள். எரியாது, விஷமும் இல்லை. மிட்ஜ்லி கூட்டத்துக்கு முன்னால் அதை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினாராம்! (பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையும் இதே மனிதருடையதுதான். ஒரே ஆள் இரண்டு வேலை பார்த்திருக்கிறார்.) 1974ல் மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள், இந்த சிஎஃப்சி வகை கேஸ்கள் மேலே போய் ஓசோனைத் தின்கின்றன என்று எழுதினார்கள். 1985ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டையைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. 1987 செப்டம்பர் 16ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா சேர்ந்தது 1992ல். இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்த நான்கு கம்பெனிகளில் ஒன்றின் ஆலை நம் மேட்டூரில் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தத் தயாரிப்பைப் படிப்படியாக நிறுத்துவதற்காக 1999ல் ஒப்பந்தத்தின் பலதரப்பு நிதியிலிருந்து இந்தியாவுக்கு 8.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

பலன் உண்டா? உண்டு. இப்போதைய கொள்கைகள் தொடர்ந்தால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், அண்டார்டிகாவில் 2066 வாக்கிலும் ஓசோன் படலம் 1980ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவில் நடந்த 2022 மதிப்பீடு சொல்கிறது. உலகமே சேர்ந்து ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்த அபூர்வமான உதாரணம் இது.

ஆர்-12க்குப் பதிலாக வந்ததுதான் ஆர்-134ஏ. நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் வேறு வில்லங்கம் இருக்கிறது, சூட்டைப் பிடித்துவைக்கும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ ஆர்-134ஏ ஏறக்குறைய 1,430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம் (இது 2007 ஐபிசிசி அறிக்கையின் மதிப்பு).

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு சின்னக் காரில் 450 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.45 x 1,430 = சுமார் 643 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது சுமார் 2.3 கிலோ. ஆக 280 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 4,200 கிலோமீட்டர், ஏறக்குறைய சென்னையிலிருந்து டில்லி போய்த் திரும்பி வருகிற தூரம். பட்டறையில் ஒரு பையன் வால்வுக்குள் இருக்கும் பின்னை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி அந்த கேஸை வெளியே விட ஆகும் நேரம் ஒன்றிரண்டு நிமிஷம்.

மைலேஜ் பத்தவில்லை என்று புலம்புகிறோம், புகைச் சான்றிதழ் எடுக்கிறோம். நாலாயிரம் கிலோமீட்டர் புகை இரண்டு நிமிஷத்தில் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம்.

பட்டறைப் பையன்

ஆர்-134ஏ சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்து, தீக்காயம் போலக் கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காற்றைவிடக் கனமானது, அதனால் பட்டறைக் குழிக்குள் தங்கி ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும். நெருப்பிலோ மிகச் சூடான உலோகத்திலோ பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் வரும். பக்கத்திலேயே வெல்டிங் நடக்கிற பட்டறைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கண்ணாடி, கையுறை போட்டு கேஸ் அடிக்கிற பையனை எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

போலி கேஸ் இன்னொரு தலைவலி. 2011ல் வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட கப்பல் குளிர்சாதனக் கண்டெய்னர்கள் சில வெடித்து, அதில் வேலை பார்த்த ஆட்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் குளோரோமீத்தேன் கலந்த போலிச் சரக்கு உள்ளே போயிருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றக்கூடிய பொருளை உண்டாக்கும். கார் ஏசியிலும் பாதிக்கு மேல் அலுமினியம்தான். "எங்கேயோ மலிவா கிடைச்சது சார்" என்று சொல்கிற டின்னை எதற்குத் தொடக் கூடாது என்று இப்போது புரிகிறதா?

யார் மேல் தப்பு?

மெக்கானிக்கைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எங்கள் வகுப்பில் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார நிபுணரைப் பற்றிப் படித்தோம். 1970ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கட்டுரை, 2001ல் அவர் நோபல் பரிசு வாங்கியதற்கு அதுதான் முக்கியக் காரணம். அவர் சொன்னதன் சாரம் இது. விற்கிறவருக்குச் சரக்கின் தரம் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது என்றால், வாங்குகிறவர் எல்லாவற்றுக்கும் ஒரே மட்டமான விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல சரக்கு கட்டுப்படியாகாது. நல்லது சந்தையை விட்டுப் போகும், மட்டமானது நிற்கும்.

நம் ஏசி பட்டறையில் நடப்பது அப்படியே இதுதான். போனை எடுத்து நாம் கேட்கிற ஒரே கேள்வி, "கேஸ் அடிக்க எவ்வளவு?" ஒருவர் 1,500 என்கிறார். இன்னொருவர், "முதல்ல லீக் பார்க்கணும் சார், அதுக்குத் தனியா 500 ஆகும், வண்டியை அரை நாள் விடணும்" என்கிறார். யாரிடம் போகிறோம்? முதல் ஆளிடம். நேர்மையான மெக்கானிக்குக் கிடைக்கிற பரிசு, காலி பட்டறை. லீக்கைச் சரியாக அடைப்பவரிடம் அந்த வண்டி இரண்டு வருடத்துக்கு வராது, அடைக்காதவரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். இந்த ஏற்பாட்டில் யார் பிழைப்பார்கள்?

ஆக, நாம் பணம் கொடுப்பது கேஸுக்கு. கொடுக்க வேண்டியது மூளைக்கு. டாக்டரிடம் போனால் ஃபீஸ் தனி, மருந்து தனி. மருந்து விற்றால்தான் காசு என்று ஒரு டாக்டருக்கு நிலைமை இருந்தால் எல்லோருக்கும் ஊசிதான்!

என்ன செய்யலாம்?

என் யோசனைகள் நான்கு.

ஒன்று, லீக் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம். 300 ஆகட்டும், 500 ஆகட்டும். முகம் சுளிக்காமல் கொடுப்போம். லீக் கிடைத்து அங்கேயே ரிப்பேர் செய்தால் பில்லில் கழித்துக்கொள்ளட்டும்.

இரண்டு, பில்லில் கிராம் கணக்கு. வண்டியிலிருந்து எடுத்தது எத்தனை கிராம், உள்ளே விட்டது எத்தனை கிராம், எந்த கேஸ், லீக் எங்கே இருந்தது, என்ன மாற்றினோம் என்று நாலு வரி. காய்கறிக் கடையில் தராசு முள்ளைக் குனிந்து பார்க்கிற நாம், கேஸ் வாங்கும்போது மட்டும் ஏன் காதால் 'ஸ்ஸ்ஸ்' கேட்டுக் காசு கொடுக்கிறோம்?

மூன்று, பழைய கேஸுக்கு விலை. கார் பேட்டரி வாங்கப் போனால் பழைய பேட்டரியைக் கொடுத்துக் கழித்துக்கொள்கிறோம். அதில் இருக்கும் ஈயத்துக்கு விலை இருப்பதால் யாரும் அதைக் குப்பையில் போடுவதில்லை. மீட்டெடுக்கும் மெஷின், வண்டியில் இருக்கும் கேஸை உறிஞ்சி, எண்ணெயையும் ஈரத்தையும் பிரித்துச் சுத்தமாக்கித் தருகிறது. அதே வண்டிக்கே திருப்பி விடலாம். கலப்படமாகிப் போன கேஸைச் சேகரித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் அரசு கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று விலை வைத்துவிட்டால், பின்னை அமுக்கித் திறந்துவிட எந்தப் பையனுக்கும் கை வராது.

நான்கு, சட்டத்தில் ஒரு வரி. மேலே சொன்ன அதே 2006 ஐரோப்பிய உத்தரவில் ஒரு ஷரத்து இருக்கிறது. இயல்புக்கு மீறிக் கேஸ் கசிந்த ஏசியை, ரிப்பேர் முடியும்வரை இந்த வகை கேஸால் நிரப்பக் கூடாது. அவ்வளவே. அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு கார் ஏசி சர்வீஸ் செய்கிற மெக்கானிக் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், கேஸை வேண்டுமென்றே காற்றில் விடுவது குற்றம். நம் நாட்டிலும் 2019ல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. நல்ல விஷயம். ஆனால் சான்றிதழ் உள்ளவரைத் தேடிப் போக வாடிக்கையாளருக்குக் காரணம் வேண்டுமே? மேலே உள்ள மூன்றும் அதற்குத்தான்.

"இதெல்லாம் நம்ம ஊருக்கு ஆகாது"

இந்தப் பதில் வரும் என்று தெரியும். இதில் நியாயமும் இருக்கிறது. முழு தானியங்கி மெஷினின் விலைக்குச் சின்னப் பட்டறைக்காரர் கடன்தான் வாங்க வேண்டும். ஒரு மரத்தடியில் இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு பிழைக்கிறவரிடம் போய், "சுற்றுச்சூழலைக் காப்பாற்று" என்று நாம் பிரசங்கம் செய்தால் அடிதான் விழும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். வீல் அலைன்மென்ட் மெஷின் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறதா? இல்லை. தெருவில் ஒருவர் வைத்திருப்பார், மற்றவர்கள் வண்டியை அங்கே அனுப்புவார்கள். லேத் வேலையும் அப்படித்தான். அதே மாதிரி பத்துப் பட்டறைக்கு ஒரு கேஸ் மீட்கும் மெஷின் இருந்தால் போதும். மெக்கானிக் சங்கமோ, கூட்டுறவுச் சங்கமோ, ஐடிஐயோ வைத்து வாடகைக்கு விடலாம். கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி சின்ன மீட்பு மெஷின்களும் உண்டு, ஒரு சிலிண்டரும் எடை மெஷினும் சேர்ந்தால் வேலை நடக்கும். மீட்ட கேஸ் காசு ஆகும்போது மெஷின் தன் விலையைத் தானே சம்பாதித்துக்கொள்ளும்.

செலவு என்று பயப்படுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2016ல் கிகாலியில் மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து, ஆர்-134ஏ உள்ளிட்ட எச்எஃப்சி கேஸ்களைக் குறைக்க முடிவெடுத்தார்கள். இந்தியா 2021ல் அதை ஏற்றது. அதன்படி 2028ல் இந்தியாவுக்கு உச்சவரம்பு, 2032ல் 10 சதவீதக் குறைப்பு, படிப்படியாக 2047ல் 85 சதவீதம். வரத்து குறைந்தால் விலை என்ன ஆகும் என்று பி.காம் முதல் வருடப் பையனைக் கேட்டாலே சொல்லிவிடுவான். ஐரோப்பாவில் கோட்டா இறுகியபோது 2017, 2018ல் ஆர்-134ஏ விலை பல மடங்கு எகிறி, கள்ளக் கடத்தலே நடந்தது. அங்கே புதுக் கார்களுக்கு வந்திருக்கும் ஆர்-1234ஒய்எஃப், சூட்டைப் பிடிப்பதில் மிகக் குறைவு. ஆனால் விலை பல மடங்கு அதிகம், கொஞ்சம் தீப்பிடிக்கும் குணமும் உண்டு. அந்த கேஸ் நம் ஊர் வண்டிகளில் பரவலாக வரும்போது இன்றைய 'டின்னை மாட்டு, அமுக்கு' பழக்கமும் கூடவே வந்தால் என்ன ஆகும்? இப்போது பழகிக்கொள்வது மலிவு.

வாடிக்கையாளர் கேட்க வேண்டியவை

அடுத்த தடவை பட்டறைக்குப் போகும்போது இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. கேஸ் அடிக்கும் முன் ஃபில்டர், கண்டென்சர், ஃபேன் பார்த்தாச்சா?
2. லீக் எங்கே? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நைட்ரஜனா, யுவி சாயமா, டிடெக்டரா?
3. உள்ளே இருக்கும் கேஸை எதில் எடுப்பீர்கள்?
4. வேக்கம் எவ்வளவு நேரம் போடுவீர்கள்?
5. எத்தனை கிராம் விடப்போகிறீர்கள்? ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறது?

கூடவே ஒன்று. லீக்கை அடைக்கும் திரவம் என்று டின்னில் விற்பதை உள்ளே ஊற்றச் சம்மதிக்காதீர்கள். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் அடைக்கலாம், பிற்பாடு மீட்கும் மெஷினையும் கெடுக்கலாம்.

கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். கேட்கிற காசைக் கொடுங்கள், நாலு பேரிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள். எங்கள் சித்தப்பா இப்போது தன் ஸ்டாண்டில் இருக்கும் மற்ற டிரைவர்களை அந்த ஐந்தாவது பட்டறைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார். நல்ல சரக்கு சந்தையில் நிற்க வேண்டுமென்றால் இப்படி யாராவது அதைத் தேடிப்போய் வாங்கத்தான் வேண்டும்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு நீங்களே வீட்டில் ஏசி லைனைக் கழற்ற உட்காராதீர்கள். கேள்வி கேட்பது நம் வேலை, ஸ்பானர் பிடிப்பது அவர்கள் வேலை :)